கை கழுவச் சொன்னவரைக் கை கழுவிய கதை

பழைய மாணவர் சங்கச் செயலாளர் போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டு, சந்திப்பு மலருக்கு விலங்கியல் பிரிவிலிருந்து ஒருத்தர்கூட எழுதித் தரவில்லை, நீங்களாவது ஏதாவது தாருங்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். நான் எழுத்தாளன் இல்லை. பாலக்கோடு வட்டாரத்தில் முப்பத்தைந்து வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்து, கிணற்றுக்குக் கிணறு பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டு சைக்கிளில் திரிந்தவன். என்னிடம் என்ன இருக்கு எழுத என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடுவதாக இல்லை.

அப்புறம் யோசித்துப் பார்த்ததில் ஒரு குழாய் ஞாபகத்துக்கு வந்தது. நம் கல்லூரியில் 1968-71 விலங்கியல் படித்தவர்களுக்கு அது மறந்திருக்காது. ஆய்வகத்தின் கதவை ஒட்டி ஒரு பித்தளைக் குழாய். தவளை அறுத்து முடித்ததும் எங்கள் பேராசிரியர் அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். லைஃப்பாய் சோப்பைத் தேய்த்து, நகக்கண் வரைக்கும் கழுவிக் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினால்தான் வெளியே விடுவார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தக் குழாய்க்குச் சுங்கச்சாவடி என்று பேர் வைத்திருந்தோம்.

ஒரு நாள் மாரண்டஅள்ளிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் பசி தாங்காமல், கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு டிபன் தூக்கைத் திறந்துவிட்டான். செமத்தியாக வாங்கப்போகிறான் என்று நினைத்தோம். பேராசிரியர் திட்டவில்லை. எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து, வியன்னாவில் இருந்த ஒரு டாக்டரின் கதையைச் சொன்னார். அன்றைக்கு எனக்கு பாலக்கோடு பஸ் போயிடுச்சு. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் முழுக்க அந்தக் கதைதான் மனசில் ஓடியது. அதற்குக் காரணம் என் வீட்டில் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் டாக்டர்.

அவர் பெயர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1818-ம் வருஷம் ஜூலை 1-ம் தேதி ஹங்கேரி நாட்டில் புடா என்ற ஊரில் பிறந்தார். இன்றைக்கு புடாபெஸ்ட் என்கிறோமே, அந்த நகரத்தின் ஒரு பாதி அது. அப்பா மளிகை வியாபாரி, நல்ல வசதி. பத்துப் பிள்ளைகளில் ஒருவராக வளர்ந்தார். வீட்டிலே ஒரு மாதிரி கொச்சை ஜெர்மன், வெளியிலே ஹங்கேரிய மொழி என்று வளர்ந்ததால், இரண்டிலுமே சரளமாக எழுத வராது. பேனா என்றாலே அவருக்குக் கசப்பு. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் தமிழ்க் கட்டுரை எழுதத் திணறிய நம்ம பாலக்கோட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சங்கடம் நன்றாகப் புரியும். சின்ன விஷயம் போலத் தெரிகிறது. ஆனால் அவருடைய வாழ்க்கையில் இது பெரிய வினையாக முடிந்தது.

1837-ல் சட்டம் படிக்கத்தான் வியன்னாவுக்குப் போனார். அங்கே போனதும் மருத்துவத்துக்கு மாறிவிட்டார். 1844-ல் டாக்டர் பட்டம். 1846 ஜூலையில் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் பேராசிரியர் கிளைன் என்பவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது வயசு 28.

அந்தப் பிரசவ மருத்துவமனை ஏழைப் பெண்களுக்கானது. கட்டணம் கிடையாது. அதற்குப் பதிலாக, பிள்ளை பெற வந்தவர்களை வைத்து மாணவர்கள் தொழில் பழகுவார்கள். மொத்தம் இரண்டு பிரிவு. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்கள். இரண்டாம் பிரிவில் தாதிப் பயிற்சிக்கு வந்த பெண்கள். ஒரு நாள் இதற்கு, மறுநாள் அதற்கு என்று மாற்றி மாற்றி அட்மிஷன். ஒரே கட்டடம், ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி ஏழைகள். ஆனால் 1846-ல் முதல் பிரிவில் பிள்ளை பெற்ற 4,010 பேரில் 459 பேர் செத்துப்போனார்கள். இரண்டாம் பிரிவில் 3,754 பேரில் 105 பேர். நூற்றுக்குப் பதினொன்று இங்கே; மூன்றுகூட இல்லை அங்கே. எல்லாம் பிரசவ ஜன்னி. பிள்ளை பிறந்த இரண்டு மூன்று நாளில் குளிர் காய்ச்சல், வயிறு உப்பி வலி, பிதற்றல், முடிவு.

இந்த வித்தியாசம் ஊருக்கே தெரிந்திருந்தது. முதல் பிரிவு நாளில் வலி எடுத்து வந்த பெண்கள் காலில் விழுந்து, வேண்டாம், வெளியே விட்டுவிடுங்கள் என்று அழுவார்களாம். சிலர் வேண்டுமென்றே தாமதித்து, வழியிலேயே தெருவில் பெற்றெடுத்துவிட்டு வருவார்கள். தெருவில் பெற்றவர்களுக்கு ஜன்னி அவ்வளவாக வரவில்லை! இதுதான் அந்த மனிதரின் தூக்கத்தைக் கெடுத்தது.

காரணம் என்ன என்று அவர் தேடிய விதத்தை இன்றைய மாணவச் செல்வங்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்கணும். கூட்ட நெரிசலா? இரண்டாம் பிரிவில்தான் கூட்டம் அதிகம். காற்றில் விஷமா? காற்று சுவருக்கு அந்தப் பக்கமும் அதே காற்றுதான். தாதிகள் பெண்களை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பிரசவம் பார்க்கிறார்கள், நாமும் அப்படிச் செய்வோம் என்று மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. சாகக் கிடப்பவர்களுக்குச் சடங்கு செய்யப் பாதிரியார் மணி அடித்துக்கொண்டு முதல் பிரிவின் படுக்கைகளைத் தாண்டித்தான் போகணும். அந்தப் பயத்தில் சாகிறார்களோ என்று அவரிடம் பேசி, மணி அடிக்காமல் சுற்று வழியாக வரச் செய்தார். சாவு குறையவில்லை. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

1847 மார்ச்சில் மனசு ஆற நண்பர்களோடு வெனிஸ் நகரத்துக்குப் போய்த் திரும்பினார். வந்ததும் ஒரு துக்கச் செய்தி. கொலெச்கா என்ற பேராசிரியர், அவருக்கு மிகவும் வேண்டியவர், இறந்துபோயிருந்தார். பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் கீறிவிட்டது. அதிலிருந்து காய்ச்சல், ஜன்னி, சாவு. செம்மல்வைஸ் அவருடைய பரிசோதனை அறிக்கையை வாங்கிப் படித்தார். அதில் எழுதியிருந்ததெல்லாம் அவர் தினம் தினம் பார்த்த தாய்மார்களின் உடம்பில் இருந்ததேதான். ஆம்பளை, பிள்ளை பெறாதவர், பிரசவ ஜன்னியில் செத்திருக்கிறார்.

அப்போதுதான் பொறி தட்டியது. மாணவர்கள் காலையில் பிணவறையில் அறுப்பார்கள். அங்கிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்து பெண்களைப் பரிசோதிப்பார்கள். தாதிப் பெண்களுக்குப் பிணவறையில் வேலை கிடையாது. கத்தி செய்ததைக் கை செய்கிறது. மாணவர்கள் கை கழுவாமல் வரவில்லை. சோப்புப் போட்டுத்தான் கழுவினார்கள். ஆனாலும் பிண வாடை கையிலேயே இருக்கும். வாடை இருந்தால் பொருளும் இருக்கத்தானே செய்யும்? கிருமி என்ற ஒன்றை அன்றைக்கு யாரும் அறியவில்லை. பிணத்திலிருந்து ஏதோ ஒரு துகள் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றுதான் அவர் நினைத்தார். பெயர் தப்பு, வழி சரி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற நுண்கிருமிதான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்தது என்பது பின்னால் தெரிந்தது. பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பையின் உள்பக்கம் தோல் உரிந்த புண் மாதிரி இருக்கும்; கையில் வரும் கிருமிக்கு அதைவிட நல்ல வாசல் வேண்டாம்.

1847 மே மாத நடுவில் வார்டு வாசலில் ஒரு பாத்திரம் வைத்தார். முதலில் குளோரின் கரைத்த நீர். அது விலை கூடுதல் என்பதால் பிறகு சுண்ணாம்பில் குளோரின் ஏற்றிய தூளைக் கரைத்தார். நண்பர்களே, அது வேறொன்றுமில்லை, நம்ம பிளீச்சிங் பவுடர்! ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்று கணக்குப் போட்டு நான் ஜெர்த்தலாவிலும் பஞ்சப்பள்ளிப் பக்கத்திலும் கிணற்றில் கரைத்து ஊற்றினேனே, அதே சரக்கு. குடிதண்ணியில் மருந்து வாடை அடிக்குது என்று பெண்கள் என்னைத் திட்டும்போதெல்லாம் இந்த மனுஷனைத்தான் நினைத்துக்கொள்வேன்.

யாராக இருந்தாலும் இதில் கை கழுவாமல் உள்ளே போகக் கூடாது என்று எழுதி ஒட்டினார். ஏப்ரலில் 312 பிரசவத்துக்கு 57 சாவு. ஜூனில் 268-க்கு 6. ஜூலையில் 250-க்கு 3. அடுத்த வருஷம், 1848-ல், 3,556 பிரசவத்துக்கு 45 சாவு. தாதிப் பெண்களின் பிரிவுக்குச் சமமாக இறங்கிவிட்டது. அந்த வருஷம் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஒருத்திகூடச் சாகவில்லை.

நடுவில் ஒரு சறுக்கல் வந்தது. 1847 அக்டோபரில் கர்ப்பப்பைப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணை முதல் படுக்கையில் சேர்த்திருந்தார்கள். அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரிசையாக அடுத்தடுத்த படுக்கைகளுக்குப் போனார்கள். அந்த வரிசையில் இருந்த பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் செத்துப்போனார்கள். அப்போ பிணம் மட்டும் இல்லை, சீழ் பிடித்த உயிருள்ள உடம்பும் அதே வேலையைச் செய்யும் என்று புரிந்தது. வாசலில் ஒரு தடவை கழுவினால் போதாது. ஒருத்தரைத் தொட்டு இன்னொருத்தரைத் தொடும் முன்னால் கழுவணும் என்று விதியை மாற்றினார். 2020-ல் கொரோனா காலத்தில் நமக்கெல்லாம் பாட்டாகப் பாடிச் சொன்னார்களே, அந்தப் பாடத்தின் முழு வடிவம் அன்றைக்கே வந்துவிட்டது.

இப்படிக் கண்ணுக்கு முன்னால் சாவு குறைந்தால் ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கும் என்றுதான் நாங்கள் ஆய்வகத்தில் உட்கார்ந்து நினைத்தோம். பேராசிரியர் எங்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். கை கழுவினால் சாகமாட்டார்கள் என்று ஒரு டாக்டர் ஒத்துக்கொண்டால், அதுவரைக்கும் செத்தவர்களை யார் கொன்றது? நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

செம்மல்வைஸ் அதை ஒத்துக்கொண்டவர். பிணப் பரிசோதனையில் அவருக்கு ஆர்வம் அதிகம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மற்றவர்களைவிட அதிகமாக அறுத்தவர், அந்தக் கையோடு வார்டுக்குப் போனவர். தன்னால் எத்தனை பெண்கள் மண்ணுக்குப் போனார்கள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும் என்று பின்னாளில் தன் புத்தகத்திலேயே எழுதி வைத்தார். எல்லாராலும் அது முடியுமா? ஜெர்மனியில் கீல் நகரத்தில் மிக்கேலிஸ் என்று ஒரு பிரசவ மருத்துவர். செய்தி கேள்விப்பட்டதும் தன் மருத்துவமனையிலும் குளோரின் கழுவலைக் கொண்டுவந்தார். பலன் கிடைத்தது. பலன் கிடைத்ததுதான் அவருக்கு விஷமாகப் போயிற்று. கொஞ்ச நாள் முன்னால் அவருடைய சொந்தக்காரப் பெண் ஒருத்தி, அவரே பிரசவ நேரத்தில் பார்த்தவள், ஜன்னியில் இறந்திருந்தாள். அது தன் கையால்தான் என்று உறுதியாகிவிட்டது. 1848 ஆகஸ்டில் ரயில் முன்னால் பாய்ந்து உயிரை விட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அன்றைக்கு ஆய்வகத்தில் மூச்சு அடைத்தது.

என் ஆயா, அம்மாவைப் பெற்றவள், பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஐந்தாறு கிராமத்துக்கு மருத்துவச்சி. ராத்திரி எந்நேரம் கதவைத் தட்டினாலும் லாந்தரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கூலி என்று கேட்கமாட்டாள். கேழ்வரகோ, ஒரு சேலையோ, கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் பிரசவம் பார்ப்பாள். கை கழுவமாட்டாளா என்றால், கழுவுவாள், தலைக்கே குளிப்பாள். ஆனால் அது தீட்டுக்காக; எல்லாம் முடிந்த பிறகு. முன்னாலே கழுவணும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

1957-ல் என் சின்னம்மா தலைப் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஏழு வயசு. பிரசவம் பார்த்தது ஆயாதான். பெத்த மகளுக்கு வேறு யாரைக் கூப்பிடுவாள்? பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. மூன்றாம் நாள் சின்னம்மாவுக்குக் குளிர் எடுத்தது. ஐந்தாம் நாள் யாரையும் அடையாளம் தெரியவில்லை. அதே வாரத்தில் பக்கத்து ஊரில் நஞ்சு விழாமல் காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு ஆயா வந்திருந்தாள் என்பதும், அந்தப் பெண்ணும் பிழைக்கவில்லை என்பதும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இரண்டையும் யாரும் முடிச்சுப் போடவில்லை. காத்து கருப்பு அடிச்சிடுச்சு, அந்த ஊரிலிருந்து ஆயா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுச்சு என்றார்கள். இப்போது நினைத்தால், பெயர்தான் தப்பு. வந்த வழியைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வார லீவில் வீட்டுக்குப் போனேன். ஆயா திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னடா பார்க்கிறே என்று கேட்டாள். ஒண்ணுமில்லை ஆயா என்று சொன்னேன். 1978-ல் அவள் சாகும் வரைக்கும் அதையேதான் சொன்னேன்.

சரி, வியன்னாவுக்கு வருவோம். செம்மல்வைஸுக்கு ஆதரவே இல்லை என்று சொல்லக் கூடாது. ஸ்கோடா, ரோகிடான்ஸ்கி, ஹெப்ரா என்று அந்தக் காலத்தின் பெரிய தலைகள் மூன்று பேர் அவர் பக்கம் நின்றார்கள். ஹெப்ராதான் 1847 டிசம்பரில் இந்தச் செய்தியைப் பத்திரிகையில் எழுதினார். கண்டுபிடித்தவர் எழுதவில்லை! நீ எழுது, நீ எழுது என்று நண்பர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டும் பேனாவைத் தொடவில்லை. கதை வெளியூர்களுக்கு அரைகுறையாகப் போய்ச் சேர்ந்தது. பிணத் துகள் மட்டும்தான் காரணம் என்று இவர் சொல்வதாக நினைத்து, எங்கள் மருத்துவமனையில் பிணம் அறுப்பதே இல்லை, ஆனாலும் ஜன்னி வருகிறதே என்று பலர் ஒதுக்கித் தள்ளினார்கள். எசமான் கிளைனுக்கும் இவரைப் பிடிக்கவில்லை. 1849 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தபோது நீட்டிக்கவில்லை. அந்த இடத்துக்கு வந்த கார்ல் பிரவுன் என்பவர் பின்னால் எழுதிய நூலில் பிரசவ ஜன்னிக்கு முப்பது காரணம் அடுக்கினார். பிணத் தொற்றுக்கு அதில் இருபத்தெட்டாவது இடம்!

1850 மே மாதம் ஒருவழியாக வியன்னா மருத்துவர் சங்கத்தில் பேசினார். அக்டோபரில் விரிவுரையாளர் பதவி கிடைத்தது. ஆனால் பொம்மையை வைத்துத்தான் பாடம் நடத்தலாம் என்று நிபந்தனை. மானம் போய்விட்டது என்று ஐந்தே நாளில் ஊரை விட்டுக் கிளம்பிவிட்டார். தனக்காக வாதாடிய நண்பர்களிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இது அவர் செய்த பெரிய தப்பு என்றே எனக்குப் படுகிறது.

சொந்த ஊர்ப் பக்கம் பெஸ்ட் நகரத்தில் புனித ரோக்கஸ் மருத்துவமனையில் 1851-லிருந்து 1857 வரைக்கும் சம்பளம் இல்லாமல் பிரசவப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். அங்கே 933 பிரசவத்தில் ஜன்னியால் செத்தவர்கள் எட்டே பேர். 1855-ல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1857-ல் மரியா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். ஐந்து பிள்ளைகள், இரண்டு சின்னதிலேயே போய்விட்டன. 1861-ல்தான், கண்டுபிடித்துப் பதினாலு வருஷம் கழித்து, புத்தகம் வந்தது. தடிமனான புத்தகம், நடுநடுவே எதிரிகளோடு சண்டை. படித்தவர்கள் பலர் ஏற்கவில்லை. அதற்கப்புறம் அவர் நிதானம் இழந்துவிட்டார். ஐரோப்பாவின் பெரிய பிரசவ மருத்துவர்களுக்குப் பகிரங்கக் கடிதங்கள் எழுதி, நீங்களெல்லாம் கொலைகாரர்கள் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார்.

நயமாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் முப்பத்தைந்து வருஷம் நயமாகச் சொல்லிப் பார்த்தவன்; எனக்கு அதில் சந்தேகம். அமெரிக்காவில் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்ற டாக்டர் 1843-லேயே, செம்மல்வைஸுக்கு நாலு வருஷம் முன்னாலேயே, டாக்டர்களின் கை வழியாகத்தான் இந்த ஜன்னி பரவுகிறது என்று எழுதினார். அவர் கவிஞர், எழுத்து அழகு. அவரையும்தான் கேலி செய்தார்கள். கனவான்களின் கை சுத்தமாகத்தான் இருக்கும் என்று ஒரு பேராசிரியர் பதில் கொடுத்தார். அதற்கும் முன்னால், 1795-லேயே ஸ்காட்லாந்தின் அபர்தீனில் அலெக்சாண்டர் கார்டன் என்பவர், மருத்துவரும் தாதியுமே இதைச் சுமந்து போகிறார்கள், தானும் சுமந்திருக்கிறேன் என்று எழுதினார். ஊர் அவரை வெறுத்தது.

1865 வாக்கில் செம்மல்வைஸின் நடத்தை மாறிவிட்டது. மறதி, கோபம், சம்பந்தமில்லாத பேச்சு. ஜூலை கடைசியில் மனைவி அவரை வியன்னாவுக்கு அழைத்துப் போனார். பழைய நண்பர் ஹெப்ரா ஸ்டேஷனுக்கு வந்தார். புதுசாகக் கட்டிய ஒரு மருத்துவ நிலையத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லி மனநோய் விடுதிக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டார். விஷயம் புரிந்து வெளியே ஓடப் பார்த்தவரைக் காவலர்கள் அடித்துப் பிடித்து இருட்டறையில் போட்டார்கள். வலது கையில் புண். அந்த அடியில் வந்தது என்பார்கள் சிலர். முன்பே ஓர் அறுவையில் விரலில் பட்ட காயம் என்பார்கள் சிலர். எப்படியோ, புண் அழுகி விஷம் ரத்தத்தில் ஏறியது. 1865 ஆகஸ்ட் 13-ம் தேதி இறந்தார். 47 வயசு. கொலெச்காவும், அந்தத் தாய்மார்களும் எதில் போனார்களோ, அதிலேயே அவரும் போனார். அடக்கத்துக்கு வந்தவர்கள் சொற்பம்.

அதற்கு முந்தின நாள், ஆகஸ்ட் 12, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர், வண்டி ஏறிக் கால் எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் காயத்தில் கார்பாலிக் அமிலத் துணியை வைத்துக் கட்டினார். காலை வெட்டாமலே பையன் பிழைத்தான். 1867-ல் லிஸ்டர் எழுதிய கட்டுரைகள்தான் உலகத்தின் அறுவைக் கூடங்களை மாற்றின. 1879-ல் பாரிஸில், பிரசவ ஜன்னிக்குக் காரணம் தெரியாது என்று ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது, லூயி பாஸ்டர் எழுந்து போய்க் கரும்பலகையில் அந்தக் கிருமியைச் சங்கிலி மாதிரி வரைந்து காட்டினார். 1969-லிருந்து புடாபெஸ்ட் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்கு செம்மல்வைஸ் பெயர்தான். பிறந்த வீடு அருங்காட்சியகம் ஆகிவிட்டது; அவருடைய எலும்புகளும் அங்கேதான் இருக்கின்றன.

அங்கே அப்படி. இந்தச் சேதி நம்ம பக்கத்துத் திண்ணைகளுக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று! ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்த ஐடா ஸ்கடர், இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே ராத்திரியில் மூன்று வீட்டார் பிரசவத்துக்குப் பெண் துணை கேட்டு வந்தார்கள். அவருடைய அப்பா டாக்டர். ஆனால் ஆண் கை படக் கூடாது என்று அழைத்துப்போக மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் 1899-ல் டாக்டராகி, 1902-ல் வேலூரில் மருத்துவமனையும், 1909-ல் தாதிப் பள்ளியும், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். வேலூர் நமக்கு அப்படி ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் 1957-ல் என் ஆயாவின் லாந்தர் வெளிச்சத்துக்கு அந்தப் பாடம் வந்து சேரவில்லை.

என் பணிக்காலத்தில் வந்து சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் கிராமத்து மருத்துவச்சிகளைக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்தோம். ஐந்து சுத்தம் என்று சொல்லித் தருவோம்: கை, படுக்கும் இடம், கொடி அறுக்கும் பிளேடு, கட்டும் நூல், அறுத்த கொடி. செவிலியர் அம்மாதான் பாடம் எடுப்பார். கை கழுவும் பகுதி மட்டும் என் தலையில். நான் செம்மல்வைஸ் கதையைப் பேர் சொல்லாமல் சொல்வேன். ஒரு தடவை வகுப்பு முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போனபோது, எழுபது வயசுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் போனேன். தம்பி, அப்போ என் கையால செத்ததெல்லாம் என் கணக்கா என்று மெதுவாகக் கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பாடப் புத்தகத்தில் பதில் கிடையாது. உங்களுக்குத் தெரியாதே அம்மா என்று ஆரம்பித்தேன். அது எனக்கே ஒட்டவில்லை. கடைசியில் என் ஆயாவைப் பற்றிச் சொன்னேன். விளக்கெண்ணெய், பக்கத்து ஊர்க் காய்ச்சல்காரி, சின்னம்மா, எல்லாம். வெளி ஆள் ஒருத்தரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, உங்க ஆயாகிட்ட சொன்னீங்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்லாதது நல்லது என்று சொல்லவில்லை, சொல்லியிருக்கணும் என்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் முதல் ஆளாக வந்தது அவர்தான். கண்ணாடி வளையல்களைக் கழற்றி முந்தானையில் முடிந்திருந்தார். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. சோப்பு எங்கே தம்பி என்று கேட்டார்.

நம் ஆய்வகத்தின் அந்தப் பித்தளைக் குழாய் இன்னும் இருக்கிறதா, இல்லை மாற்றிவிட்டார்களா? சந்திப்பு அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் அங்கே போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். 68-71 செட்டுக்காரர்கள் யாராவது கூட வந்தால் சந்தோஷம்.